சாவுத் தப்புக்குப் பயந்த சுது முதலாளி

எங்கள் தெஹியோவிட்டக் கடைவீதியில் முதன்முதலாக டெலிவிஷன் வாங்கியவர் துணிக்கடை நடேசன். விற்காமல் கிடந்த சேலைக் கட்டுகளை ஒதுக்கி அந்த இடத்தில் பெட்டியை வைத்தார். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் அந்தக் கடைக்குத் துணி வாங்க யாரும் வருவதில்லை. வருகிறவர்கள் எல்லோரும் நேராகத் தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். அன்றைக்குத்தான் அந்த வெளிநாட்டுத் தொடர். நிஜமாக வாழ்ந்த கொள்ளைக் கூட்டத் தலைவன் ஒருவனையும், அவனிடம் காசுக்குக் கைநீட்டிய பொலிஸ் அதிகாரிகளையும் வைத்து எடுத்ததாம். படத்தின் கீழே சிங்களத்தில் எழுத்து ஓடும். அதை வாசிக்கத் தெரியாதவர்களுக்கு நான் சத்தமாகத் தமிழில் சொல்லுவேன். பொலிஸில் இருந்த காலம் பூராவும் நான் செய்த வேலையும் இதுதான். இப்போது சம்பளம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, தலைவன் மூன்று பேரைச் சுட்டுத் தள்ளிவிட்டு அதிகாரியுடன் உட்கார்ந்து விருந்து சாப்பிட்டான். பக்கத்தில் இருந்த பண்டார என்னைத் தோளில் தட்டினான். பண்டார இளம் கான்ஸ்டபிள், சிங்களப் பையன், கடைத்தெருத் தமிழ் பேசுவான்.

"சார்ஜன்ட் ஐயா, ஒங்க காலத்திலயும் இப்படித்தானா?"

"எங்க ஆளு துப்பாக்கியே வச்சிருக்கல தம்பி. அவருக்குத் தப்பு போதும்" என்றேன்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தோட்டத்து மருதமுத்து திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பண்டாரவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தக் கதையை எழுதி வைக்கும்படி அன்றிலிருந்து என்னை நச்சரிக்கிறான். அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது என்பது வேறு விஷயம். எழுதுகிறேன்.

என் அப்பா இதே கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். இந்திய வம்சாவளியில் விண்ணப்பித்து இலங்கைக் குடியுரிமை வாங்கிய பதிவுப் பிரஜை. கடையில் உட்கார எனக்குப் பொறுமை இல்லை, பொலிஸில் சேர்ந்தேன். பயிற்சிக் கல்லூரியில் காலைத் தூக்கி நடக்கவும், சல்யூட் அடிக்கவும், பித்தளைப் பொத்தானைப் பளபளப்பாகத் துலக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். பொத்தான் துலக்கிய திறமை கடைசிவரை கைகொடுத்தது. நாலைந்து நிலையங்களில் இருந்துவிட்டு, சபரகமுவையில் ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவில் இருந்த ஒரு சின்ன நிலையத்துக்கு மாற்றலாகி வந்தேன். அதன் பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர்களின் பிள்ளைகள் இப்போது பெரிய பெரிய வேலைகளில் இருக்கிறார்கள். தோட்டங்களை அரசாங்கம் எடுப்பதற்குச் சில வருடங்களுக்கு முந்திய காலம். நான் அப்போது கான்ஸ்டபிள். தமிழ் பேசுகிற ஒரே ஆள் என்பதால், தோட்டத்துக்கு ஜீப் கிளம்பினால் என்னையும் ஏற்றிவிடுவார்கள்.

எங்கள் இன்ஸ்பெக்டரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவ்வளவு மென்மையான மனிதரை நான் பார்த்ததில்லை. யாரையும் அதட்ட மாட்டார். எங்களை 'மல்லி' என்றுதான் கூப்பிடுவார், தம்பி என்று அர்த்தம். நிலையத்து வாசலில் பால்மாத் தகரங்களில் ரோஜா வளர்த்தார். தினமும் காலையில் ஒவ்வொரு பூவையும் தாடையைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பார். குடி கிடையாது, சுருட்டு கிடையாது, பௌர்ணமிப் போயா தினத்தில் வெள்ளை உடுத்தி விகாரைக்குப் போய்விடுவார். காசையும் கையால் தொட மாட்டார். ஆனால் அவருடைய குவார்ட்டர்ஸின் பின்வாசலுக்கு எருமைத் தயிர்ச் சட்டி வந்துகொண்டே இருக்கும். கித்துள் பாணி வரும். ஒருதரம் கூரைக்குப் புது ஓடு வந்தது. அனுப்பியவர் சுது முதலாளி.

சுது என்றால் சிங்களத்தில் வெள்ளை. அவர் எப்போதும் வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு. சந்தியில் ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். அந்தக் கடையின் சோற்றை நம்பி அவர் வாழவில்லை. மேலே ரப்பர் மலைக்கு நடுவே ஒரு பள்ளம். ஓடை ஓடும், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அங்கே பீப்பாய் பீப்பாயாகக் கோடா புளிக்கும். அடுப்பு எரியும். செம்புக் குழாய் வழியாகக் கசிப்பு, அதாவது கள்ளச்சாராயம், சொட்டும். அந்த வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, தேர்தல் எல்லாவற்றுக்கும் அங்கிருந்துதான் போகும். அவரைப் பகைத்துக்கொண்ட ஒருவனுக்கு வீடு எரிந்தது, இன்னொருவனுக்குக் கால் உடைந்தது. சிரித்தபடி பேசுவார், ஆனால் எல்லோருக்கும் பயம்.

மாதம் ஒருமுறை நாங்கள் அந்தப் பள்ளத்தைச் சோதனை போடுவோம். சோதனை என்ற வார்த்தையை இன்ஸ்பெக்டர் சொல்ல மாட்டார், 'பயணம்' என்பார். பயணத்துக்கு ஒரு முறை இருந்தது. ஜீப் நேரே மலைக்குப் போகாது. முதலில் சந்தியில், சுது முதலாளியின் கடை வாசலிலேயே நிற்கும். எல்லோரும் இறங்கிப் பிளேன்டீ குடிக்க வேண்டும். "வெறும் வயிற்றோடு கடமை செய்யக் கூடாது மல்லி" என்பார் இன்ஸ்பெக்டர். சூடாக இருக்கிறது என்று ஊதி ஊதிக் குடிப்பார். அவர் ஊதி முடிப்பதற்குள் கடையின் பின்பக்கமாக ஒருவன் மலையேறிவிடுவான். பிறகு நாங்கள் ஏறுவோம். பாதி வழியில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கமிருந்து தப்புப் பறைச் சத்தம் கேட்கும்.

முதல் பயணத்தில் அதைக் கேட்டதும் நான் தொப்பியைக் கழற்றிவிட்டேன். விடிந்ததும் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆள் கூப்பிடுகிற அடி வேறு, திருவிழா அடி வேறு. இது சாவு அடி. வழியில் விறகுக் கட்டோடு வந்த ஒரு பெண்ணிடம், "யாரும்மா செத்துப்போனது?" என்று கேட்டேன்.

அவள் விறகை இறக்காமலே சிரித்தாள். "யாரும் சாகலீங்க ஐயா. நீங்க வர்றீங்கல்ல, அதான்."

சாவுத் தப்பை யாரும் நிறுத்தச் சொல்ல மாட்டார்கள், ஏன் அடிக்கிறாய் என்று கேட்கவும் மாட்டார்கள் என்பது சுது முதலாளியின் கணக்கு. தப்படிக்கிற ரெங்கனுக்கு அவர் உத்தரவு. அடி கேட்டதும் பள்ளத்தில் இருப்பவர்கள் பீப்பாய்களைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். ஜீப் இறங்கிப் போனதும் தப்பு நிற்கும், அவர்கள் திரும்பி வருவார்கள். நிஜமாகவே யாராவது செத்துப்போனால் குழப்பம் வருமே என்று அதற்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. தப்பை அடிப்பதற்கு முன்னால் லயத்திலிருந்து ஓர் ஆள் பள்ளத்துக்கு ஓடி, 'இன்னைக்கு நெசச் சாவு, பயப்படாதீங்க' என்று சொல்லிவிட வேண்டும்.

நாங்கள் போய்ச் சேரும்போது பள்ளத்தில் அணைந்த அடுப்பும், ஒரு போத்தலும், அதன் பக்கத்தில் ஒரு மனிதனும் இருப்பார்கள். "நான்தாங்க காய்ச்சினேன்" என்பான் அவன். அவன் முறைக்காரன். லயத்து ஆட்கள் வீட்டுக்கு வீடு முறை வைத்து, மாதம் ஒருவனைக் குற்றவாளியாக அனுப்ப வேண்டும் என்பது சட்டம், சுது முதலாளியின் சட்டம். நிலையத்தில் அவனுக்கு அவர் கடையிலிருந்து சோறு வரும். கோர்ட்டில் தண்டத்தை அவர் கட்டுவார். வீட்டுக்குப் போகும்போது அவனுக்குப் புதுச் சாரமும் கிடைக்கும். எங்களுக்கு மாதம் ஒரு கேஸ். மேலிடத்தில் எங்கள் இன்ஸ்பெக்டருக்கு நல்ல பெயர். டெலிவிஷனில் காட்டுகிற தலைவனுக்கு இந்த மூளை இருந்திருந்தால் இத்தனை பேரைச் சுட்டிருக்க வேண்டியதில்லை.

சித்திரைப் புதுவருடத்துக்கு முந்தின மாதம் மருதமுத்துவுக்கு முறை வந்தது.

மருதமுத்து ரப்பர்ப் பால்வெட்டுக்காரர், அப்போது முப்பது வயது இருக்கலாம். ஒருநாள் மத்தியானம், நான் கடைத்தெருவில் தனியாக நிற்பதைப் பார்த்துவிட்டு அவரும் அவர் மனைவி பூவாயியும் வந்தார்கள். அவர் இங்கேயே இருப்பதற்குப் பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டிருந்தார். கேகாலையில் விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

"பொலிஸ் கேஸ் இருந்தா கெடைக்காதுன்னு எல்லாரும் சொல்றாங்க ஐயா" என்றார் மருதமுத்து. "கேஸ் விழுந்தா எங்கள இந்தியாவுக்குக் கப்பல் ஏத்திருவாங்க. அந்தப் பக்கம் எங்களுக்கு ஆருங்க இருக்கா?"

"அடுத்த வீட்டுக்காரன மாத்தி அனுப்பச் சொல்லேன்."

"கேட்டேங்க. மொதலாளி சிரிக்கிறாரு. மொற வந்தா மொறதாங்கிறாரு."

பூவாயி முந்தானை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக நின்றாள். அப்பா பதிவுப் பிரஜையாகாமல் இருந்திருந்தால் நானும் யாராவது ஒருவர் முன்னால் இப்படித்தான் நின்றிருப்பேன்.

மறுநாள் ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு பூவைக் கிள்ளி என் கையில் கொடுத்தார்.

"நல்ல மனசு மல்லி உனக்கு. ஆனால் கேஸ் என்றால் ஆள் வேண்டும். யாரை என்று நான் சொல்ல ஆரம்பித்தால் அது பாரபட்சம் ஆகிவிடும்."

கையில் ரோஜாவோடு நான் நின்றேன். இப்படி ஒரு மனிதரிடம் கோபப்படுவது எப்படி என்று எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மருதமுத்துவுக்கு ஆறுதல் சொல்ல லயத்துக்குப் போனேன். அவருடைய பெரியப்பா வேலு அப்பு கட்டிலில் படுத்திருந்தார். அப்பு என்றால் தோட்டத்தை நடத்துகிற தொரையின் பங்களாவில் சமையலும் மேற்பார்வையும் பார்க்கிறவர். மூன்று தொரைமாரைச் சாப்பிட வைத்து அனுப்பிய மனிதர். நெஞ்சுச் சளி முற்றி, இனி எழுந்திருக்க மாட்டார் என்று டிஸ்பென்சர் கைவிட்டிருந்தார். வாய் மட்டும் படுக்கவில்லை.

"பெரிய தொரை கிளாஸ்ல மிச்சம் வச்சதக் குடிச்ச வாயி இது" என்றார். "அந்தக் குழாய்த் தண்ணிய மோந்து பாத்தாலே எனக்கு அவமானம். அதுக்குப் போயி எங்க மருது ஜெயிலுக்குப் போறதா?"

"ஜெயில் இல்ல அப்பு, தண்டந்தான்."

"அவனுக்கு அது ஜெயிலவிட மோசம், ஒங்களுக்குத் தெரியாதா?" இருமி முடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். "ஒவ்வொரு மாசமும் சாவு அடிக்கிறானே ரெங்கன். நான் நெசமா செத்தா ஒரு பய நம்புவானா?"

வாசலில் உட்கார்ந்து தப்புக்கு வார் இழுத்துக்கொண்டிருந்த ரெங்கன் தலையைக் குனிந்துகொண்டான். நாங்கள் சிரித்தோம். அப்பு சிரிக்கவில்லை.

அடுத்த சில நாளில், ஒரு விடியற்காலையில், அப்பு போய்விட்டார். தொரை பங்களாவிலிருந்து நிலையத்துக்கு டெலிபோன் வந்தது. பெரிய தொரையே அடக்கத்துக்கு வருகிறார் என்று கேட்டதும் எங்கள் இன்ஸ்பெக்டர் நல்ல சட்டை போட்டு, தொப்பியைத் துடைத்து வைத்துக்கொண்டார். தொரை போகிற இடத்துக்கெல்லாம் போவது அவருடைய வழக்கம். மத்தியானத்துக்குப் பிறகு என்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அன்றைக்குப் பயணம் இல்லை என்பதால் சந்தியில் பிளேன்டீயும் இல்லை.

லயத்திலிருந்து மயானம் ஓடையோரமாக ஒரு நடை தூரம். பாடையின் முன்பக்கம் மருதமுத்து தோள் கொடுத்திருந்தார். முன்னால் ரெங்கன் தப்படித்துக்கொண்டு போனான். அவன் அவ்வளவு நன்றாக அடித்து நான் கேட்டதில்லை. பின்னால் பெரிய தொரை குடையை ஊன்றிக்கொண்டு நடந்தார், அவர் பக்கத்தில் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு எங்கள் இன்ஸ்பெக்டர். மயானத்து மூலையில் புதுக்குழி. அதற்குச் சற்றுத் தள்ளி இன்னொரு மண்மேடு, மேலே குரோட்டன் செடி. யாருடையது என்று எனக்குத் தெரியாது. இறந்தவர்களின் இடத்தில் கண்டதையும் கேட்க நானும் விரும்பவில்லை.

பாடையை இறக்கினார்கள். சாம்பிராணிப் புகை காற்றில் அந்த மேட்டின் பக்கம் போனது. மேடு இருமியது.

முதலில் எல்லோரும் அப்புவைத்தான் பார்த்தார்கள். அவர் நல்லபடியாகத்தான் கிடந்தார். மேடு இன்னொரு தரம் இருமியது, குரோட்டன் செடி ஆடியது. அடுத்த நொடியில் மயானத்தில் பாதி ஆட்கள் இல்லை. தொரை குடையை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டார்.

"ராமையா, பார்" என்றார் இன்ஸ்பெக்டர், எனக்குப் பின்னால் நின்றுகொண்டு.

போய் மண்ணைத் தள்ளினேன். கீழே பலகை. பலகையைத் தூக்கினேன். பீப்பாய்கள் வரிசையாக இருந்தன. செம்புக் குழாய் இருந்தது. பீப்பாய்களுக்கு நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு சுது முதலாளி உட்கார்ந்திருந்தார். வெள்ளையில் ஒரு நூல்கூட மிஞ்சவில்லை. புகைக்கூட்டில் தொங்குகிற ரப்பர் ஷீட்டின் நிறத்தில் இருந்தார்.

நடந்தது இதுதான். புதுவருட ஓர்டர்களுக்காக அன்று காலையில் முதலாளியே பள்ளத்துக்கு வந்திருந்தார். சாவுத் தப்புக் கேட்டது. நிஜச் சாவு என்று சொல்ல யாரும் ஓடி வரவில்லை. ஆகவே பொலிஸ். ஆனால் இன்ஸ்பெக்டரிடமிருந்தும் சேதி இல்லை. அப்படியானால் மேலிடத்துப் பொலிஸ் என்று முடிவுகட்டி வெலவெலத்துப் போனார். வழக்கம்போலப் பீப்பாய்களைப் பள்ளத்துக்குப் பக்கத்து மயானத்தில் இதற்கென்றே வெட்டிய பொய்க்குழியில் இறக்கினார்கள். வேலையாட்கள் ஓடையைத் தாண்டி ஓடிவிட்டார்கள். தொப்பை உள்ள முதலாளியால் தாண்ட முடியவில்லை, குழிக்குள் இறங்கி மூடச் சொன்னார். தப்பு நின்றதும் வெளியே வரலாம் என்று நினைத்தார். பொய்ச் சாவுக்கு ஜீப் போனதும் தப்பு நின்றுவிடும். நிஜச் சாவுக்கு அடக்கம் வரைக்கும் விட்டு விட்டு அடிப்பார்கள். காலையிலிருந்து அவர் காத்திருந்தார், தப்பு நிற்கவில்லை. கடைசியில் அது அவரைத் தேடி நடந்தே வந்துவிட்டது.

குழிக்குள்ளிருந்து அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். அந்தக் குரலில் இருந்த மனவருத்தத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியாது.

"என்ன மாத்தயா இது? ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுத்தானே வருவீங்க. இன்றைக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே."

அவர் சொன்னது சிங்களம். நான் மொழிபெயர்க்கத் தேவையில்லை. தொரைக்கு என்னைவிட நல்ல சிங்களம் தெரியும். அவர் குடையை மெதுவாகத் தாழ்த்தினார்.

"அவர் சொல்கிறதன் அர்த்தம் என்ன, இன்ஸ்பெக்டர்?"

எங்கள் இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி, உள்ளே எதையோ தேடுகிறவர் போலப் பார்த்தார். பிறகு மென்மையாக, "ராமையா மல்லி, கைது செய்" என்றார். வேறு வழி இல்லை. தொரை பார்த்துக்கொண்டிருந்தார், ஓடிப்போன ஆட்களும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுது முதலாளியைக் கைதூக்கி வெளியே எடுத்தேன். அதன் பிறகு அப்புவை முறைப்படி அடக்கம் செய்தோம். தொரை ஒரு பிடி மண் போட்டார். சுது முதலாளியும், கையில் விலங்கோடு, ஒரு பிடி போட்டார். போடாவிட்டால் நன்றாக இருக்காது அல்லவா.

அந்த மாதக் கேசுக்கு ஆள் தேவைப்படவில்லை. மருதமுத்து பாடை தூக்கியதைத் தொரையே பார்த்திருந்ததால், அவர் பெயரை எதிலும் நுழைக்கவும் வழி இல்லை. நிலையத்திலிருந்து முதலாளி மருதமுத்துவைக் கூப்பிட்டனுப்பி, "ஏன்டா வந்து சொல்லல?" என்று கேட்டார். அந்த மாதம் பள்ளத்துக்குச் சேதி கொண்டு ஓட வேண்டியவரும் முறைக்காரரே.

"பெரியப்பா செத்துப்போச்சுங்க மொதலாளி. அழுதுகிட்டு இருந்தேங்க" என்றார் மருதமுத்து.

முதலாளி உள்ளே போனார். இன்ஸ்பெக்டரைக் கடலோரத்தில் ஓர் ஊருக்கு மாற்றினார்கள். ரோஜாத் தகரங்களை லொறியில் ஏற்றிக்கொண்டு, என்னைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அந்த மண்ணில் ரோஜா வராது என்று கேள்வி. எனக்கு அடுத்த வருடம் சார்ஜன்ட் பட்டி கிடைத்தது. சுது முதலாளியைப் பிடித்தவன் என்று பெயர். இத்தனை வருடமாக அந்தப் பெயரைக் கூச்சமில்லாமல் சுமந்துகொண்டிருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை தொடரில் தலைவனைப் பிடித்துவிட்டார்கள். கொட்டுகிற மழையில், துப்பாக்கியோடு, ஒரு துணிச்சலான துப்பறிவாளர். கடையே கைதட்டியது. பண்டார எல்லோருக்கும் கேட்கும்படி, "எங்க சார்ஜன்ட் ஐயாவும் இப்படித்தான் சுது முதலாளியப் புடிச்சாரு" என்றான். நான் அடக்கமாக இருப்பதுபோல் இருந்தேன்.

மருதமுத்து முன்வரிசையிலிருந்து திரும்பினார். தலை நரைத்துவிட்டது. விசாரணையில் ஒரு குறையும் இல்லாமல் பிரஜையானவர், இன்னும் அதே மலையில்தான் பால் வெட்டுகிறார்.

"ஐயா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நெனப்பு" என்றார். "அன்னைக்கு நான் அழுதுகிட்டு இருக்கல. சொல்றதுக்குப் பள்ளத்துக்குக் கெளம்பிட்டேன். ரெங்கந்தான் வாசல்ல தப்ப வச்சு மறிச்சான். முந்துன ராத்திரி பெரியப்பா அவன் கையப் புடிச்சுச் சொன்னாராம். 'இத்தன வருசம் பொய்யா அடிச்ச. எனக்கு நெசமா அடி. பள்ளத்துக்கு ஒருத்தனும் போயிச் சொல்லக்கூடாது. எஞ் சாவாலயாச்சும் மருது இந்த மண்ணுலயே இருக்கட்டும்'னு."

பெட்டியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அதைக் கேட்கவில்லை. பண்டாரவுக்கு மருதமுத்து பேசிய வேகம் பிடிபடவில்லை. சிங்களத்தில் சொல்லுங்கள் என்று என் முழங்கையை இடித்தான். எத்தனையோ கோர்ட்டுகளில் எத்தனையோ பேருடைய வார்த்தைகளைத் தயங்காமல் மாற்றிச் சொன்னவன் நான். இதை மட்டும், "அப்புறம் சொல்றேன் தம்பி" என்று தள்ளிவைத்தேன்.

மருதமுத்து எழுந்து சாரத்தை உதறிக் கட்டினார். "காலையில பால்வெட்டு இருக்குங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.